முதல் நாலு மிதி

வயதானவர்களிடம் சைக்கிளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால், "முன்ன மாதிரி மிதிக்க முடியல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சமமான தார் ரோட்டில், காற்று எதிர்க்காத காலை வேளையில், 65 கிலோ எடையுள்ள ஒருவர் சாவகாசமாக மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 40 வாட் சக்தி போதும். எழுபது வயதில் ஓரளவு ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது பெரிய வேலையே இல்லை. பேசிக்கொண்டே மிதிக்கலாம். அதே ஆள் சிக்னலில் நின்ற சைக்கிளைக் கிளப்பி மூன்று விநாடிக்குள் 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், அந்த மூன்று விநாடிக்கு 150 வாட் ஆகிறது. ஆள், சைக்கிள், காய்கறிப் பை எல்லாம் சேர்ந்த நூறு கிலோவை நின்ற நிலையிலிருந்து நகர்த்தியாக வேண்டுமே. கிட்டத்தட்ட நாலு மடங்கு உழைப்பு. மெதுவாகக் கிளம்பினால் என்ன என்று கேட்கலாம். மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே சைக்கிள் தானாக நேராக நிற்காது. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் சட்டுச் சட்டென்று திருப்பித்தான் நிறுத்த வேண்டும். வயதானால் குறைவது இந்தச் சட்டென்ற அசைவுதான். தசையின் பலம் குறைவதைவிட, அந்தப் பலத்தை வேகமாகக் காட்டும் திறன் முன்னதாகவே குறைந்துவிடுகிறது. ஆக, அதிக பலம் தேவைப்படும் நேரமும் சமநிலை மிக மோசமாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. முதல் நாலு மிதியில் தள்ளாடியவர் நாலைந்து முறை பயந்துவிட்டால், சைக்கிள் திண்ணையோரம் சாத்தப்பட்டுவிடும்.

இதே கணக்கு இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது. முப்பது அடிக்கு ஓரடி ஏறும் மேம்பாலத்தில் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக் கிட்டத்தட்ட 95 வாட் வேண்டும். ஆடி மாதம் பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வந்தால், சமதரையில் 12-இல் போகவே 120 வாட் ஆகிவிடும். மற்ற நேரங்களில் பழைய கால்களே போதும். சைக்கிளுக்கு மோட்டார் மாட்டித் தரும் கடைகள் சொல்வதோ வேறு: எவ்வளவு வேகம் போகும், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வாட். அப்பாவுக்கு மாட்டித் தர நினைக்கும் பிள்ளைகளும் அதையே ஒப்பிட்டு வாங்குகிறார்கள். முதியவருக்கு மோட்டார் வேண்டியிருப்பது கிளம்புவதற்கும், ஏறுவதற்கும், எதிர்க்காற்றுக்கும். இதை ஒப்புக்கொண்டால் எந்த மோட்டார், எவ்வளவு பேட்டரி, எந்த சைக்கிள் என்ற எல்லாக் கேள்விக்கும் விடை மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். மிச்சம் அதன் விவரம்.

இதை முதலில் புரிந்துகொண்டது ஜப்பான். மிதித்தால் மட்டும் கைகொடுக்கும் மோட்டார் வைத்த சைக்கிளை யமஹா 1993-இல் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வகைக்காக ஜப்பான் வகுத்திருக்கும் விதி கவனிக்க வேண்டியது. மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே, ஓட்டுகிறவர் கொடுக்கும் பலத்தைப் போல இரண்டு மடங்கு வரை மோட்டார் கொடுக்கலாம். வேகம் கூடக் கூட உதவி குறைந்துகொண்டே வந்து, 24 கிலோமீட்டரில் அடியோடு நின்றுவிட வேண்டும். கிளம்பும்போது அதிகம், ஓடும்போது குறைவு என்ற நியாயம் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதியவர்களுக்கென்றே 'சோஃபி' என்ற ஒரு சோதனை சைக்கிளைச் செய்தார்கள். அதில் அவர்கள் கவனம் வைத்தவை மூன்று: நிற்கப் போகும்போது சீட் தானாகக் கீழே இறங்கி இரண்டு காலும் தரையில் படும்; சட்டமும் சக்கர அமைப்பும் மெதுவாகப் போகும்போது தடுமாறாதபடி மாற்றப்பட்டிருக்கும்; கிளம்பும் கணத்தில் மோட்டார் தனியாக ஒரு கை கொடுக்கும். ஓடுகிற சைக்கிளை இன்னும் வேகமாக ஓட்ட அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2021 கணிப்பின்படி இங்கே நூறு பேரில் 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் இதைவிட அதிகம் கேரளத்தில் மட்டும். இவர்களில் ஏராளமானோர் ஐம்பது ஆண்டுகளாக சைக்கிளில் வயலுக்கும் மில்லுக்கும் சந்தைக்கும் போய்வந்தவர்கள். ஸ்கூட்டி ஓட்டப் பழகாதவர்கள், லைசென்ஸ் எடுக்காதவர்கள். ஏழைகளான முதியோருக்கு உதவிக் கருவிகள் வழங்க 2017-இல் வந்த மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது கருவி, பல் செட், மூக்குக் கண்ணாடி என்று பட்டியல் போகிறது. எல்லாமே முடியாமல் போன பிறகு தேவைப்படுபவை. இன்னும் முடிகிறவரை இன்னும் பத்து வருடம் நடமாட வைக்க அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுவது அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். சரியாக மாட்டினால்.

சரியாக மாட்டுவது மோட்டாரிலிருந்து தொடங்குவதில்லை. நம் ஊர் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். இருபது கிலோ எடை, 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக். அந்தப் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. உள்பக்கமாக, சக்கரத்தின் மையத்தைப் பார்த்த முகத்தில்தான் அழுந்தும். அதற்கேற்ற வளைவு அந்த ரிம்முக்கு உண்டு. இந்த சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பிரிட்டிஷ் காலத்து வழக்கம். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். சந்தையில் கிடைக்கும் சக்கர மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் 36 துளை. ஆக, மோட்டாரைப் பழைய ரிம்மோடு கோக்க முடியாது. கடைக்காரர் மோட்டாரோடு வரும் புது அலுமினிய ரிம்மைப் போட்டுவிடுவார். அந்த ரிம்மில் கம்பி பிரேக் கட்டை சரியாக உட்காராது. அதாவது, சைக்கிளுக்கு இன்னும் கொஞ்சம் எடையும் வேகமும் சேர்த்த அதே நாளில் ஒரு பிரேக்கைக் கழற்றிவிட்டோம். பின்சக்கரத்தில் மாட்டினால் வேறொரு சிக்கலும் சேரும்: பல மோட்டார்கள் 135 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் செய்யப்பட்டவை, பழைய சைக்கிளின் பின்கவை அதைவிட ஒரு விரல் குறுகல். கடையில் அதை நெம்பி விரிப்பார்கள். விரித்த பிறகு இரண்டு கவையும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

அதனால் கறுப்பு சைக்கிள்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், கேபிள் பிரேக் கொண்ட, நடுவில் பார் இல்லாத லேடீஸ் மாடல் சைக்கிளில் மாட்டுவதே நல்லது என்பது என் முடிவு. பள்ளி மாணவிகளுக்கு அரசு தரும் சைக்கிளின் சட்டமும் அந்த வகைதான். படிப்பு முடித்துப் பெண் வேலைக்குப் போன பிறகு அது பல வீடுகளில் சும்மா நிற்கிறது. ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்பது உண்மை. வேட்டியோடு காலைத் தூக்கிப் பின்னால் சுற்றிப் போட்டு ஏறியவர்களுக்கு அது கௌரவப் பிரச்சினைதான். ஆனால் நெதர்லாந்தில் முதியவர்கள் மோட்டார் வைத்த சைக்கிளிலிருந்து விழுந்த விபத்துகளைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது அதிகம் என்பதைத்தான். காலைத் தூக்கிப் போடுகிற அந்த ஒற்றைக்கால் கணம்தான் ஆபத்து. கேரியரில் பேட்டரியும் உட்கார்ந்துவிட்டால் கால் இன்னும் அரையடி மேலே போக வேண்டும்.

அடுத்தது சீட். எந்த சைக்கிள் புத்தகமும், கால் கிட்டத்தட்ட நீளும் அளவுக்கு சீட்டை உயர்த்தினால்தான் முட்டிக்கு நல்லது, மிதிப்பதும் லேசு என்று சொல்லும். அது உண்மை. ஆனால் அப்படி உயர்த்தினால் நிற்கும்போது கட்டைவிரல் மட்டும்தான் தரையில் படும். முதியவருக்கு வேண்டியது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றுவது. சீட்டைத் தாழ்த்தினால் முட்டி அதிகம் மடங்கி, மிதிக்கிற பலம் வீணாகும். முட்டி தேய்மானம் உள்ளவருக்கு வலிக்கும். மோட்டார் உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். தாழ்ந்த சீட்டால் இழக்கும் பலத்தை அது ஈடு செய்துவிடுகிறது. முட்டியில் விழும் அழுத்தமும் குறைகிறது. மோட்டார் இல்லாத சைக்கிளில் பாதுகாப்புக்கும் முட்டிக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மோட்டார் வந்தால் அந்தத் தேர்வு தேவையில்லை. கடையில் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, ஆனால் முதியவருக்கு மோட்டார் மாட்டுவதற்கு இருக்கும் ஆகச் சிறந்த காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மோட்டாருக்கு வருவோம். சக்கர மோட்டாரில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே கியர் கிடையாது; ஐந்தாறு கிலோ கனம்; சார்ஜ் தீர்ந்தால் மிதிக்கும்போது பின்னுக்கு இழுக்கும். இன்னொன்றில் உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் இருக்கும். மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். மின்சாரம் இல்லாதபோது சக்கரம் சும்மா சுழலும். மெதுவான வேகத்தில் அதிக இழுவை தருவது இரண்டாவதுதான், அதனால் அதுவே போதும். 36 வோல்ட், 250 வாட். அத்தகைய மோட்டார் கிளம்பும்போது ஒன்பது கிலோ அளவுக்குத் தள்ளும். பின்னால் ஒருவர் இடுப்பில் கைவைத்துத் தள்ளிவிடுவதுபோல. பெடல் அச்சில் மாட்டும் மோட்டார்களும் உண்டு. ஒற்றைக் கியர் சைக்கிளில் அதனால் பெரிய லாபம் இல்லை, செயின்தான் தேயும். 250 வாட் என்பது தொடர்ந்து தரக்கூடிய அளவு. கிளம்பும் கணத்தில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் 14, 15 ஆம்பியர் விட்டால் அது 500 வாட்டைத் தொட்டுவிடும். 750 வாட், 1,000 வாட் என்று வாங்குகிறவர்கள் அந்தத் திடீர் உதறலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மோட்டாரைவிட முக்கியம், அதற்கு எப்போது ஓடச் சொல்வது என்பது. மலிவான கிட்டுகளில் பெடல் அச்சில் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும். அதில் சின்னச் சின்னக் காந்தங்கள். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் அது பார்க்கும், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. காந்தம் குறைவாக இருந்தால் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் மோட்டாருக்குச் செய்தி போகும். ஆக, உதவி வேண்டிய முதல் மிதியில் உதவி வராது. தள்ளாடி எப்படியோ கிளம்பிய பிறகு திடீரென்று பின்னால் ஒரு உந்து. மிதிப்பதை நிறுத்தினாலும் அரை விநாடி, ஒரு விநாடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். இளைஞர் இதற்கு இரண்டு நாளில் பழகிக்கொள்வார். கிளம்பும் கணத்திலேயே பயப்படுகிறவருக்கு இது நேர் எதிரான கருவி. பெடலில் விழும் அழுத்தத்தை உணரும் சென்சார் இருந்தால் முதல் மிதியிலேயே மெதுவாக இழுக்கும். விலை கூடுதல், பழைய சைக்கிளில் பொருத்துவதும் சிரமம். அது கிடைக்காதபோது 12 காந்த வட்டும், மெதுவாகக் கிளம்பும்படி அமைக்கக்கூடிய கன்ட்ரோலரும், கட்டைவிரலால் அழுத்தும் சின்ன திராட்டிலும் நல்ல மாற்று. திராட்டில் வைத்தால் அது சைக்கிளே இல்லை என்று சொல்லும் கறார்க்காரர்கள் ஐரோப்பாவில் அதிகம். ஆனால் அங்கேகூட, மிதிக்காமல் 6 கிலோமீட்டர் வேகம் வரை மோட்டார் ஓடலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 6 கிலோமீட்டர்தான் நம் முதியவருக்கு வேண்டியது.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதான ஆண்களில் பலர் சைக்கிளில் நின்று ஏறுவதில்லை. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு மூன்று தடவை உந்தி, சைக்கிள் ஓடத் தொடங்கியதும் வலது காலைப் பின்னால் சுற்றிப் போட்டு உட்காருவார்கள். சாதாரண சைக்கிளில் அழகான வித்தை. மோட்டார் வைத்ததில் பெடல் கொஞ்சம் சுற்றினாலே, அழுத்தத்தை உணரும் வகையாக இருந்தால் அந்தக் காலின் கனத்துக்கே, மோட்டார் இழுத்துவிடும். ஆள் பாதி ஏறிய நிலை, ஒரு கால் காற்றில், சைக்கிள் முன்னால் பாய்கிறது. அதனால் பிரேக் கைப்பிடியில், தொட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலும் ஊன்றி, பிறகு ஒரு பெடலை மேலே கொண்டுவந்து கிளம்பப் பழக வேண்டும். ஐம்பது வருடப் பழக்கத்தை மாற்றுவதுதான் இந்த மாற்றத்தில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி. கடையில் கிட் மாட்ட ஒரு நாள் ஆகலாம். இதற்கு மைதானத்தில் பல நாள் ஆகும்.

பேட்டரியில் பேராசை வேண்டாம். மிதித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து வாட்-அவர் அளவில் செலவாகும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாங்கும். அதை நிரப்ப அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது. கோயில், ரேஷன் கடை, பேரன் பள்ளி என்று நாளுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் போகிறவருக்கு அதைவிடச் சின்னதே போதும். லித்தியம் பேட்டரி மூன்று கிலோவுக்குள் இருக்கும். மலிவென்று ஈய-அமில பேட்டரி மாட்டினால் அதே வேலைக்குப் பன்னிரண்டு கிலோ சுமக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் கேரியரில், தலை கனத்து.

தீப்பிடிக்குமே என்ற பயம் நியாயமானது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க் நகரத்தில் 2023-இல் மட்டும் லித்தியம்-அயன் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 உயிரிழப்புகள். அங்கே குற்றவாளிகளாக அடிக்கடி அடையாளம் காணப்பட்டவை தரச்சான்று இல்லாத பேட்டரிகளும், பழைய செல்களைப் பிரித்துக் கட்டியவையும், பொருந்தாத சார்ஜர்களும். கடைசியில் சொன்னது வீட்டிலேயே நடக்கக்கூடியது. 36 வோல்ட் என்று ஒரே பெயரில் விற்கும் பேட்டரிகளில், சாதாரண லித்தியம்-அயனுக்கு முழு சார்ஜ் 42 வோல்ட். இரும்பு-பாஸ்பேட் வகைக்கு 43.8 வோல்ட். சார்ஜரின் பின் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் செருகினால் அளவுக்கு மீறி ஏறும். அதனால் ஒரு வீட்டில் ஒரே சார்ஜர், அதுவும் பேட்டரியோடு வந்தது. இந்த வெயிலுக்கு இரும்பு-பாஸ்பேட் வகை கொஞ்சம் கனமானாலும் நிதானமானது. சார்ஜ் போடுவது பகலில், யாராவது விழித்திருக்கும்போது, வாசற்கதவை மறிக்காத இடத்தில். இராத்திரி மாட்டிவிட்டுப் படுப்பது செல்போனோடு வந்த கெட்ட பழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 250 வாட்டுக்குக் கீழேயும், அதிகபட்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழேயும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஆனால் இதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று தர வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. கம்பெனி விற்கும் மாடலுக்கு அந்தச் சான்று இருக்கும்; தெருமுனைக் கடையில் மாட்டியதற்குக் கண்டிப்பாகப் பார்த்தால் இருக்காது. நடைமுறையில் 250 வாட் சைக்கிளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது ஆறுதல் ஆகாது. விபத்து என்று ஒன்று நடந்து இழப்பீடு பேச வரும்போதுதான் இந்தக் கேள்வி எழும். 1,000 வாட் மாட்டியவருக்கு அப்போது சொல்ல ஒரு வார்த்தையும் இருக்காது. சின்ன மோட்டார் வேண்டும் என்ற வாதத்துக்கு இது இன்னொரு காரணம்.

மோட்டார் வந்தால் உடற்பயிற்சி போய்விடுமே என்பது பலரும் முதலில் சொல்லும் மறுப்பு. இங்கிலாந்தில் ரெடிங், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 50 முதல் 83 வயது வரை உள்ளவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: சாதாரண சைக்கிள், மோட்டார் உதவும் சைக்கிள், சைக்கிளே இல்லை. ஓட்டுகிறவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, அரை மணி நேரம் ஓட்டினார்கள். திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல் போன்ற மூளைத் திறன்களில் இரண்டு சைக்கிள் குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. மனநலத்தில் மோட்டார் குழுவினர் கொஞ்சம் முன்னால்கூட இருந்தார்கள். எட்டு வாரம் என்பது சின்னக் காலம், அதை வைத்து பெரிதாகக் கொண்டாட வேண்டாம். ஆனால் ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்த இன்னொரு ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: மோட்டார் வைத்த சைக்கிள்காரர்கள் மிதிக்கும் கடுமை குறைவு, போகும் தூரம் அதிகம், வாரக் கணக்கில் மொத்த உழைப்பு கிட்டத்தட்ட சமம். அதோடு, ஒப்பிட வேண்டியது யாரோடு என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டார் இல்லாவிட்டால் இந்த முதியவர் தினமும் பத்துக் கிலோமீட்டர் மிதிக்கப் போவதில்லை. டிவி முன்னால் உட்காரப் போகிறார்.

ஆபத்து கூடாதா என்ற மறுப்பு இதைவிட கனமானது. நெதர்லாந்தில் இன்று விற்கும் புது சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் வைத்தவை. அங்கே சைக்கிள் விபத்தில் இறக்கிறவர்களில் முதியவர்களே அதிகம். அந்த நாட்டில் 2014-இல் வந்த ஓர் ஆய்வு, மோட்டார் வைத்த சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விபத்துக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று கண்டது. காயத்தின் கடுமையில் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டிக்கழிக்க முடியாத சான்று இது. ஆனால் அதைக் கூர்ந்து பார்த்தால் என் வாதத்துக்கே பலம் சேர்கிறது. ஏறி இறங்கும்போது விழுவது, எழுபது வயதுக்காரர் நாற்பது வயதுக்காரரின் வேகத்தில் போவது, இவைதான் அங்கே பேசப்படும் காரணங்கள். 25 கிலோமீட்டர் வரை உதவும்படி செய்த சைக்கிளை அப்படியே முதியவரிடம் கொடுத்ததன் விளைவு இது. உதவி 15-இல் நின்றுவிட்டால் இரண்டாவது காரணம் பெருமளவு போய்விடும். தாழ்ந்த சட்டமும் தாழ்ந்த சீட்டும் முதலாவதைக் குறைக்கும். மிச்சம் இருப்பது ரோடும், எதிர்த் திசையில் வரும் பைக்கும். அவை மோட்டார் இல்லாத சைக்கிளுக்கும் உண்டு.

லைசென்ஸ் வேண்டாத சின்ன எலெக்ட்ரிக் ஸ்கூட்டரே வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றும் கேட்பார்கள். அது ஐம்பது, அறுபது கிலோ. வாசல்படியில் ஏற்ற முடியாது, சாய்ந்தால் தூக்க முடியாது, சார்ஜ் தீர்ந்தால் தள்ள முடியாது. மிதிக்கவும் வேண்டியதில்லை என்பதால் மேலே சொன்ன பலன்களும் கிடையாது.

இனி மூன்று சக்கரம். சமநிலைதான் பிரச்சினை என்றால் மூன்று சக்கர சைக்கிள் தீர்வுதானே என்று தோன்றும். கிளம்பும் கணத்துக்கு அது உண்மையிலேயே தீர்வு. விழ வழியே இல்லை. விழ வழி இருப்பது திருப்பத்தில். இரண்டு சக்கர சைக்கிள் வளைவில் உள்பக்கம் சாயும். பின்னால் இரண்டு சக்கரம் வைத்தது சாய முடியாது, அதனால் ஆளை வெளிப்பக்கம் தள்ளும். பின்சக்கரங்களுக்கு நடுவே இரண்டடிக்குச் சற்று அதிகமான அகலம், ஆளின் கனம் தரையிலிருந்து மூன்றடி உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று மீட்டர் ஆரமுள்ள தெருமுனைத் திருப்பத்தில் 10 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அகலமான ஐந்து மீட்டர் வளைவில் 12, 13. கொஞ்சம் ஓடுகிறவன் வேகம்தான். இதில் 25 கிலோமீட்டர் மோட்டார் மாட்டுவது என்ன வேலை என்று யோசித்துக்கொள்ளலாம். நம் ரோடுகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் இரண்டு சக்கரம் ஓட்டியவருக்கு முதலில் இது பிடிபடவே பிடிபடாது. உடம்பைச் சாய்த்துத் திருப்பப் பார்ப்பார், வண்டி கேட்காது.

ஆனாலும் மோட்டார் அதிகம் தேவைப்படுவது மூன்று சக்கரத்துக்குத்தான். முப்பது கிலோவுக்கு மேல் எடை. கிளம்புவதற்கே மூச்சு வாங்கும். முன்சக்கரத்தில் ஒரு சின்ன மோட்டார், 10 அல்லது 12 கிலோமீட்டரில் நின்றுவிடும் உதவி, பின்னால் தாழ்வாகப் பேட்டரி, நிறுத்தி வைக்கப் பூட்டும் பிரேக் என்று செய்தால் அருமையான வண்டி. பிரேக் பூட்டு இல்லையென்றால் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கும்போது வண்டி தானாக உருளும். மூன்று சக்கரம் கீழே விழாது, அதனால் ஓடிப்போகும். வாங்குவதற்கு முன் வீட்டு கேட்டை அளந்து பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். இத்தகைய கைவேலை நம் நாட்டுக்குப் புதிதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்யும் கான்பூர் அலிம்கோ நிறுவனம் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிகளோடு மோட்டார் வைத்தவற்றையும் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டு ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகக்கூடிய இணைப்பு. கை வேலை தெரிந்த நாடு இது. முதியவர்களின் சைக்கிளைப் பற்றி இன்னும் யாரும் அப்படி உட்கார்ந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

செலவு? பேட்டரியோடு சேர்த்து நல்ல கிட் ஒன்று, சாதாரண சைக்கிளின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். அதில் பெரும்பங்கு பேட்டரிக்கே, அதுவும் சில வருடங்களில் மாற்ற வேண்டியது. ரிப்பேர் பற்றிப் பயப்பட அவ்வளவு இல்லை. நம் பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை உருவி, தண்ணீர்த் தட்டில் முக்கிப் பார்த்து ஒட்டிவிடுவார்கள். மோட்டார் சக்கரமானாலும் அதே வேலைதான். டயர் மாற்றும்போதுதான் நட்டைக் கழற்றி ஒயரைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது, மோட்டார் அச்சு கவைக்குள் சுழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகட்டை மறக்காமல் போட்டாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அது இல்லாமல் கிளப்பினால் அச்சு கவையைத் தின்றுவிட்டு சக்கரத்தோடு வெளியே வரும்.

எல்லோருக்கும் இது ஆகாது. தலைசுற்றல் உள்ளவர், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாதவர், அந்தி நேரத்தில் கண் மங்குகிறவர், இவர்களுக்கு எந்த மோட்டாரும் உதவாது. மற்றவர்களுக்கு மாட்டும் அன்றைக்கே ஒன்று செய்யலாம். பெரும்பாலான கிட்டுகளின் டிஸ்பிளேயில் வேக வரம்பை மாற்றும் வசதி இருக்கும். கடைக்காரர் 25-இல் வைத்துத் தருவார். அதை 15-க்கு இறக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் ஓட்டிய பிறகு கூட்ட வேண்டுமா என்று கேட்கலாம், பிள்ளைகளையோ கடைக்காரரையோ அல்ல, ஓட்டுகிறவரை.